பாதத்தை எடுத்துத் தர முயன்ற குழந்தை

ஜெனா பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ப்ரெயர் 1882இல் வெளியிட்ட 'குழந்தையின் ஆன்மா' என்ற புத்தகத்தில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. அவருடைய மகனுக்கு அப்போது 19ஆம் மாதம். ஒரு கால் ஷூ கழன்று கிடக்கிறது. ஷூவைக் கொடு என்கிறார் அப்பா. குழந்தை குனிந்து எடுத்துக் கொடுக்கிறது. பிறகு, காலைக் கொடு என்கிறார். நீட்டும் என்று எதிர்பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார். குழந்தை தன் பாதத்தை இரண்டு கைகளாலும் பற்றி, ஷூவைத் தந்தது போலவே அதையும் எடுத்துத் தந்துவிட வெகுவாகப் பிரயாசைப்படுகிறது.

அதே குழந்தை ஒரு வயது தாண்டிய ஒரு நாளில் தன் வெறும் கையைத் தானே கடித்துவிட்டு வலி தாளாமல் கத்தியதையும் ப்ரெயர் குறித்திருக்கிறார். வலி இருக்கிறது; அதைச் செய்தது தன் பல்தான் என்ற தகவல் வந்து சேரவில்லை. உணர்ச்சிக்கும் உடைமைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை எந்த தத்துவவாதியும் அதற்கு முன் இவ்வளவு ஸ்தூலமாகக் காட்டியதில்லை. 'என் உடம்பு' என்று நாம் யோசிக்காமல் சொல்கிறோம். அந்த 'என்' பிறவியிலேயே வந்ததா, சம்பாதித்ததா, சம்பாதித்தது என்றால் யாரிடமிருந்து என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் ஒருவருடைய பெயர் மங்கிப்போயிற்று. அவரைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகப் பேச விரும்புகிறேன்.

நம் வட்டத்தில் குழந்தை, உடம்பு, 'நான்' என்ற மூன்று சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் உடனே ழாக் லக்கானின் கண்ணாடிப் பருவமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமைப்பியல் இங்கு வந்த நாளிலிருந்து கண்ணாடி வருகிற எந்தக் கவிதையையும் அதைக் கொண்டு திறந்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. சிலவற்றைத் திறக்கவும் செய்கிறது. என் ஆட்சேபம் லக்கானோடு அல்ல. அவர் சொன்னதை ஒரு முடிந்த உண்மையாக எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, அதில் எது விட்டுப்போயிற்று என்று கேட்காமல் இருக்கும் நம்முடைய சௌகரியத்தோடுதான்.

கண்ணாடியை முதலில் முறையாகக் கவனித்தவர் டார்வின். 1839 டிசம்பரில் பிறந்த தன் முதல் மகனைப் பற்றி அவர் எழுதிவந்த குறிப்புகள் 37 வருஷம் கழித்து, 1877இல், 'மைண்ட்' பத்திரிகையில் வெளிவந்தன. நாலரை மாதத்தில் குழந்தை கண்ணாடியில் தன் பிம்பத்தையும் அப்பாவின் பிம்பத்தையும் பார்த்துத் திரும்பத்திரும்பச் சிரிக்கிறது. இரண்டையும் நிஜமென்றே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அப்பாவின் குரல் பின்னாலிருந்து வருவது அதற்கு ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிடுகிறது. டார்வின் சத்தமில்லாமல் முகத்தைக் கோணினால் சட்டென்று திரும்பி நிஜ அப்பாவைப் பார்க்கிறது. ஒன்பது மாதம் நிறையச் சில நாள் இருக்கையில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணாடிப் பக்கம் திரும்புகிறது.

இந்தக் குறிப்பில் ஒன்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணாடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். குழந்தை முதலில் தெளிந்துகொள்வது தன் பிம்பத்தை அல்ல. அப்பாவின் பிம்பம் வேறு, அப்பா வேறு என்பதைத்தான். அப்பாவை இரண்டு இடத்திலும் கண்ணால் பார்க்க முடிகிறது, ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது. தன் முகத்தை அப்படி ஒப்பிட அதற்கு வழியில்லை.

உடம்பைப் பற்றிய அறிவு வேறொரு வாசல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. அது யுத்தம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களை வைத்து வையர் மிட்செல், வெட்டப்பட்ட அவயவம் அதன் இடத்தில் தொடர்ந்து உணரப்படுவதை விவரித்தார். 1911இல் லண்டனில் ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் இருவரும், நம் மூளையில் உடம்பின் நிலையைப் பற்றிய ஒரு வரைவு கணத்துக்குக் கணம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றார்கள். ஒரு பெண்ணின் உடம்பு அவள் தொப்பியில் செருகிய இறகின் நுனி வரை நீளக்கூடும் என்பது அவர்கள் தந்த உதாரணம். (பேருந்தில் குடையை மடக்காமல் ஏற முயல்கிறவர்களுக்கு இந்த வரைவு இன்னும் நீளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.) வளர்ந்தவனிடம் உடைந்துபோவது எது என்று யுத்தம் காட்டியது. அது குழந்தையிடம் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்கவும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் ஒருவர் வேண்டியிருந்தது.

ஆன்ரி வலோன் 1879இல் பாரிசில் பிறந்தார். அவர் பாட்டனார் பெயரும் அதேதான். 1875இல் 353க்கு 352 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறி ஃபிரான்சைக் குடியரசாக நிலைநிறுத்திய திருத்தத்தைக் கொண்டுவந்தவர். பேரன் தத்துவம் படித்தார், பிறகு மருத்துவம். 1914க்கு முன் பாரிஸ் மருத்துவமனைகளில் வலிப்பும் மூளைக்கோளாறும் அமைதியின்மையும் உள்ள குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். யுத்தம் அவரை ராணுவ மருத்துவராக்கியது. தலையில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது தன் பழைய குறிப்புகள் அவருக்கு வேறு மாதிரி அர்த்தப்பட்டன. 1925இல் அவை ஆய்வேடாயின. இடதுசாரி, நாஜி ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர், 1942இல், அதற்காக உயிர் போகக்கூடிய வருஷத்தில், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். விடுதலைக்குப் பின் 1947இல் வந்த லாஞ்ஜவென்-வலோன் கல்விச் சீர்திருத்த அறிக்கையில் இருப்பது இவர் பெயர்தான். ஃபிரெஞ்சு ஆசிரியர்களுக்கு அவரை அதனால் தெரியும். இலக்கியக்காரர்களுக்குத் தெரியாது.

1931இல் ஒரு ஃபிரெஞ்சு உளவியல் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, தன் உடம்பு என்கிற கருத்து குழந்தையிடம் எப்படி உருவாகிறது என்பது. மூன்று வருஷம் கழித்து அது அவருடைய பெரிய புத்தகத்தில் ஒரு பகுதியாயிற்று.

வலோனின் வாதம் எளிமையானதல்ல, சுருக்கினால் சிதைந்துவிடும். இருந்தும் முயல்கிறேன். ஷெரிங்டன் 1906இல் உணர்ச்சிகளை மூன்றாகப் பகுத்திருந்தார். குடல், பசி, மூச்சு இவற்றிலிருந்து உள்ளே எழுபவை. தசையும் மூட்டும் சமநிலையும் தருபவை. கண், காது, தோல் வழியே வெளியிலிருந்து வருபவை. இவை மூன்றும் பிறந்த குழந்தையிடம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்கிறார் வலோன். நரம்புகளே இன்னும் முதிரவில்லை. அவை முதிர்வதும் ஒரே சீராக நடப்பதில்லை. எனவே குழந்தைக்கு முதலில் ஓர் உடம்பு இருந்து, பிறகு அதைத் தெரிந்துகொள்கிறது என்பதில்லை. துண்டுகள் இருக்கின்றன. ஒரு கை இன்னொரு கையைத் தற்செயலாகச் சந்திக்கிறது, பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி தேடுகிறது. கால் கட்டைவிரல் வாய்க்கு வருகிறது. பிடிக்கும் கைக்கும் பிடிபடும் கைக்கும் உள்ள வித்தியாசம், பொம்மையைப் பிடிப்பதற்கும் தன் பாதத்தைப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், இவை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தேறுகின்றன. ஓரிடத்தில் தேறியது இன்னோரிடத்தில் தேறியிருக்காது. கையைத் தனதென்று கையாளும் அதே குழந்தை காலை அந்நியப் பொருள்போல நடத்தும். ப்ரெயரின் மகன் இங்கே வந்து பொருந்துகிறான்.

கண்ணாடிக்கு வலோன் தரும் இடம் இந்த நீண்ட வேலைக்குள் ஓர் அத்தியாயம் மட்டுமே. அதையும் மெதுவாகவே எழுதுகிறார். துணையை இழந்த ஒரு வாத்து, பிம்பம் விழும் ஜன்னல் கண்ணாடி முன்னே போய்ப்போய் நின்றதாக ப்ரெயர் சொன்ன கதையிலிருந்து ஆரம்பிக்கிறார். குழந்தைக்குக் கஷ்டம் எங்கே என்றால், தன்னை அது உள்ளிருந்துதான் அறிந்திருக்கிறது. அங்கே, சுவரில், எட்டடி தள்ளித் தெரிவது தானே என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால், தான் ஒரே சமயத்தில் இங்கே உணரப்படுகிறவனாகவும் அங்கிருந்து பார்த்தால் தெரிகிறவனாகவும் இருப்பதாக ஏற்க வேண்டும். கண்ணால் காண்பது இருக்கிறது, ஆனால் அங்கே இல்லை என்றும் ஒப்ப வேண்டும். இது பார்வையின் சாதனை மட்டுமல்ல; குறியீட்டின் ஆரம்பம். பால் கில்லோம் தன் ஒரு வயது மகளைப் பற்றி எழுதியிருந்ததை மெர்லோ-போந்தியும் பிற்பாடு எடுத்துச் சொல்கிறார். காலையிலிருந்து தலையில் வைக்கோல் தொப்பி. கண்ணாடியைக் கடக்கும்போது அதைப் பார்க்கிறாள். அவள் கை பிம்பத்துக்குப் போகாமல் தலைக்குப் போகிறது. பிம்பம் பொருளாக இருப்பதை விட்டு, செய்தியாகிவிட்டது.

பிறரின் பங்கு என்ன? வலோனிடம் நான் அதிகமாக மதிப்பது இதைத்தான். மனிதக் குழந்தை மற்ற எந்தப் பிராணியின் குட்டியைவிடவும் நீண்ட காலம் எதையும் தானாகச் செய்துகொள்ள இயலாதது. புரட்டிப் படுக்கவைப்பதும் எடுப்பதும் ஆட்டுவதும் பிறர். அதன் உடம்பின் முதல் அசைவுகள் பொருள்களை எட்டுவதில்லை, மனிதர்களை எட்டுகின்றன. அழுகை ஒரு தசை இறுக்கம். அதை ஒருத்தி அர்த்தமாக்கி ஓடி வருகிறாள். அதன் பிறகே அது அழைப்பாகிறது. தன் உடம்பும் பிறர் உடம்பும் வெகுகாலம் ஒரே குட்டையில் கிடக்கின்றன. பணிப்பெண்ணோடும் இன்னொரு சிறுமியோடும் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி திடீரென்று தோழியை அறைந்துவிட்டு, ஏன் என்று கேட்டதற்கு அவள்தான் தன்னை அடித்தாள் என்று மனசாரச் சொல்கிறாள். அது பொய்யல்ல. எல்லை இன்னும் போடப்படவில்லை.

இதைப் படிக்கையில் எனக்கு நம் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. வலோனுக்கு அதைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு காலை மடக்கி உள்ளங்கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, முத்தம், வாரானை என்று அதன் பருவங்கள் அப்பட்டமாக உடம்பின் பருவங்கள். பாட்டியல் நூல்கள் அவற்றுக்கு மாதக் கணக்கே வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பிறர் வாயிலிருந்து வருகிற வேண்டுகோள்: ஆடு, கொட்டு, தா, வா. உடம்பின் ஒவ்வொரு புதிய திறனும் யாரோ கேட்டதற்குப் பதிலாகத்தான் பிறக்கிறது. கண்ணாடிப் பருவம் என்று ஒன்று அதில் இல்லை. இதை அதிகம் இழுக்கக்கூடாது. அங்கே குழந்தை தெய்வம் அல்லது அரசன். தன் காலைத் தனதென்று அறியாத முருகனை யாரும் பாடியதில்லை. ஆனாலும் கேட்கிற குரல் தாயின் குரல்தான்.

இனி லக்கான். 1936 ஆகஸ்டில் மரியன்பாடில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் அவர் கண்ணாடிப் பருவத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, தலைமை வகித்த எர்னஸ்ட் ஜோன்ஸ் பத்தே நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். லக்கான் மாநாட்டுத் தொகுதிக்குக் கட்டுரையைத் தரவுமில்லை. பெர்லின் ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போய்விட்டார். 1938இல் ஃபிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் எட்டாவது தொகுதியில் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் அந்தக் கருத்து அச்சேறியது. அந்தத் தொகுதியின் பொறுப்பாசிரியர் வலோன். 1949இல் ஸூரிச் மாநாட்டில் லக்கான் மறுபடி படித்ததுதான் இன்று எல்லோரும் படிக்கிற பாடம். அதில் பால்ட்வின் பெயர் இருக்கிறது, கோலர் பெயர் இருக்கிறது. வலோன் பெயர் இல்லை.

இதைத் திருட்டு என்று சொல்வது சுலபம்; நான் சொல்லமாட்டேன். லக்கான் அதை வேறொன்றாக ஆக்கினார். வலோனிடம் பல வேலைகளில் ஒன்றாக இருந்தது லக்கானிடம் ஆறாம் மாதம் முதல் பதினெட்டாம் மாதம் வரை நீளும் ஒரு நாடகமாயிற்று. நிற்கவும் தெரியாத குழந்தை, தன் சிதறலுக்கு மாறாக முழுசாகத் தெரியும் ஒரு வடிவத்தைக் கண்ணாடியில் கண்டு களிக்கிறது. அந்தக் களிப்பிலேயே தன்னை ஒரு பிம்பத்திடம் பறிகொடுக்கிறது. 'நான்' என்பது அன்றிலிருந்தே ஓர் ஏமாற்று. அற்புதமான படிமம். கவிஞர்களுக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் நடுவில் ஒருவர் கழன்று விழுந்துவிட்டார். 1949 பாடத்தில் குழந்தையைத் தாங்குவது ஒரு மனிதரோ அல்லது ஒரு நடைவண்டியோ என்று வருகிறது. மனிதரும் வண்டியும் ஒரே மூச்சில். டார்வினின் கண்ணாடியில் கூடவே தெரிந்த அப்பா இங்கே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார். 1960களின் தொடக்கத்தில் தன் வகுப்புகளில் லக்கான், குழந்தை திரும்பித் தன்னை ஏந்தியிருப்பவரைப் பார்ப்பதைச் சேர்த்துக்கொண்டார் என்பது உண்மை. நம்மிடம் வந்து சேர்ந்தது அந்தத் திருத்தம் அல்ல.

எனக்கு வலோன் மெர்லோ-போந்தி மூலமாகவே அறிமுகமானார். 1950-51இல் சோர்போனில் குழந்தைக்கும் பிறருக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் நடத்திய பாடங்கள் 1964இல் ஆங்கிலத்தில் வந்த ஒரு தொகுப்பில் இருக்கின்றன. அதில் வலோனுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு, பிம்பத்தின் மீது குழந்தைக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்பதற்கு வலோனிடம் விளக்கம் போதவில்லை, அதற்கு லக்கான் தேவை என்று நகர்கிறார். நியாயமான விமர்சனம்தான். வலோன் மருத்துவரின் வறட்சியோடு எழுதுகிறவர். ஆசை என்ற சொல் அவரிடம் அடிக்கடி வருவதில்லை. ஆனால் குழந்தை தன் பிம்பத்தின் முன் களிக்கிறது என்பதை எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்தக் களிப்பைச் சோதனை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1970இல் கார்டன் கேலப் மயக்க மருந்து கொடுத்த சிம்பன்ஸிகளின் முகத்தில் சாயம் தடவி, விழித்தபின் கண்ணாடி காட்டினார். அவை தங்கள் முகத்தையே தொட்டுப் பார்த்தன. 1972இல் ப்யூலா ஆம்ஸ்டர்டாம் 3 முதல் 24 மாதம் வரையான 88 குழந்தைகளின் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டவர்கள் பெரும்பாலும் 20 மாதம் தாண்டியவர்கள். கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பதும் கொஞ்சுவதும் அதற்கு வெகுமுன்பே இருக்கிறது; ஆனால் அது இன்னொரு குழந்தையைப் பார்த்த சந்தோஷம். 14 மாதம் அளவில் தோன்றி, அடையாளம் காணும் காலத்தை ஒட்டி வலுப்படுவது கூச்சம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நெளிகிறது, ஒதுங்குகிறது. தான் பார்க்கப்படக்கூடியவன் என்று தெரிந்துவிட்டது. ஒருவித அவமானத்தோடுதான் நாம் நம் முகத்துக்குள் குடியேறுகிறோம் போலும்.

கண்ணாடி எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் பின்னால் தெரிந்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் கென்யாவில் ஆறு வயது வரையான 82 குழந்தைகளிடம் இதே சாயச் சோதனை செய்யப்பட்டது. தன் முகத்துக்குக் கையைக் கொண்டுபோனவர்கள் 2 பேர். மற்றவர்கள் பிம்பத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். அந்த 80 குழந்தைகளுக்கும் தன்னுணர்வு இல்லை என்று சொல்லத் துணிகிறவர் முதலில் அவர்களோடு பேசிப் பார்க்க வேண்டும். முகத்தில் கறை இருந்தால் உடனே துடைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஓர் இயல்பூக்கமல்ல, ஒரு வளர்ப்பு.

வலோனையும் காலம் திருத்தியிருக்கிறது. பிறந்த குழந்தையிடம் அவர் கண்ட அந்த முழுக் குழப்பம் மிகை. 1997இல் ரோஷாவும் ஹெஸ்போஸும் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுக்களின் கன்னத்தில் வேறொருவர் விரல் பட்டால் அவை வாயைத் திருப்பித் தேடுவதும், தன் கையே பட்டால் அவ்வளவு தேடாததும் கண்டார்கள். ஆக, தொட்டது நானா பிறரா என்ற ஏதோ ஒரு வேற்றுமை முதல் நாளிலேயே இருக்கிறது. வலோன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த வேற்றுமை தெரிந்த குழந்தைதான் ஒரு வருஷம் கழித்துத் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அலறுகிறது. உணர்கிற உடம்பு முதலிலேயே இருக்கலாம். பொருள்களுக்கிடையே ஒரு பொருளாக, எடையும் அளவும் உள்ளதாக, பிறர் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கிற உடம்பு வெகுதாமதமாகத்தான் வருகிறது. வலோன் கட்டுரை எழுதியது உண்மையில் இந்த இரண்டாவது உடம்பைப் பற்றி. அந்த அளவில் அவர் நிற்கிறார்.

நம் புதுக்கவிதை கண்ணாடி முன் தனியே நிற்கும் ஒருவனை மூலாதாரமான மனித நிலையாக எடுத்துக்கொண்டது. அதில் நல்ல கவிதைகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தனிமை ஒரு வரலாற்றில், ஒரு வர்க்கத்தில், அறையும் ஆளுயரக் கண்ணாடியும் உள்ள ஒரு வீட்டில் பின்னால் ஏற்பட்டது. அதை ஆறு மாதக் குழந்தையின் மேல் ஏற்றி, விஞ்ஞானமே சொல்கிறது என்று விமர்சகன் எழுதும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. வலோனின் குழந்தை தனியாக இருந்ததே இல்லை. தனியாக இருப்பதை அது மூன்று வயது வாக்கில், 'நான்', 'என்னுடையது', 'மாட்டேன்' என்று சண்டை போட்டுத்தான் கற்றுக்கொள்கிறது.

2004இல் டிலோஷும் அவருடைய சகாக்களும் பிரசுரித்த ஓர் ஆய்வில் ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகள் உள்ளங்கையளவு பொம்மைக் காருக்குள் காலை நுழைத்து ஏற முயல்கிறார்கள். பொம்மை நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார்கள். விளையாட்டாக அல்ல, நிஜமாக. 2007இல் இன்னொரு குழுவினர் ஒரு தள்ளுவண்டியின் பின்புறம் ஒரு விரிப்பைப் பிணைத்து வைத்தார்கள். வண்டியைத் தள்ளப் பிடித்தால் குழந்தை விரிப்பின் மேல்தான் நிற்க வேண்டியிருக்கும்; அதன் எடையே வண்டியை நகரவிடாது. 16 மாதக் குழந்தைகள் தள்ளித்தள்ளிப் பார்க்கிறார்கள்; வண்டி நகரவில்லை; இன்னும் பலமாகத் தள்ளுகிறார்கள். தடையாக நிற்பது தாங்கள்தான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. 21 மாதக் குழந்தைகளில் பலர் சற்று நின்று கீழே பார்க்கிறார்கள். பிறகு விரிப்பை விட்டு இறங்கி, பக்கத்தில் நின்றுகொண்டு தள்ளுகிறார்கள்.